போட்டு அளவு கோபம்

லைட்ஹவுஸ் குப்பத்துப் பால்வாடியில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான்கு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி வந்தாள். மீன் கூடையோடு அம்மா ஷேர் ஆட்டோவில் ஏறியதுமே பொம்மைகளையெல்லாம் வீசியெறிவாள். சமாதானம் சொன்னேன், பாட்டுப் பாடினேன், ஒன்றும் எடுபடவில்லை.

ஒருநாள் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"அம்மா வுட்டுட்டுப் போச்சுன்னு கோவமா கண்ணு?"

வீசப்போன கை நின்றது. "ஆமா."

"எவ்ளோ பெரிய கோவம்?"

வாசலுக்கு எதிரே மணலில் நின்ற பைபர் படகைப் பார்த்தாள். "அந்தப் போட்டு அளவு!"

"அம்மாடி! இங்க எடமே பத்தாதே" என்று நகர்ந்து உட்கார்ந்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மற்ற பிள்ளைகளும் ஓடிவந்தார்கள். "டீச்சர், என் கோவம் திமிங்கலம் அளவு!" "என்துதான் கடல் அளவு!" அன்று முழுக்க ஒரே கூச்சல்.

அதன்பிறகு பொம்மைகள் பறப்பது குறைந்தது. ஒரு காலையில் கிளம்பப்போன அம்மாவிடம் அவளே சொன்னாள்: "இன்னிக்கு எறா அளவுதான் கோவம்."

"இன்னா டீச்சர் சொல்லுது இது?" என்றாள் அம்மா. படகு அளவு கோபம் இறால் அளவாகச் சுருங்கிய கதையை நான் விளக்கியதும் கூடையை இறக்கி வைத்துவிட்டு மகளை வாரியெடுத்து முத்தமிட்டாள்.

"எறாதானே? சாயங்காலம் வந்து கொழம்பு வச்சிடலாம்!"

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். நாங்கள் மூவரும் சிரித்து முடிக்கவில்லை.