முகம் அவனுடையது, உடுப்பு என்னுடையது

வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் பொர்த்தொலோ வரைந்த படங்களை எல்லாம் சந்தை மண்டபத்தில் மாட்டப்போகிறார்கள். அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொல்லி என்னிடம் வந்தார்கள். சொல்கிறேன். வயிறு எரிந்துகொண்டேதான் சொல்கிறேன்.

அவன் அப்பா மலையிலிருந்து பாலாடைக்கட்டி சுமந்து வந்து எங்கள் பெர்கமோ ஊர்ச் சந்தையில் விற்றவர். மகனுக்கும் அதே சுமைதான் என்றிருந்தது. பதினேழு வயதில் பாதிரியாரின் முகத்தைத் தேவாலயச் சுவரில் கரியால் கிறுக்கிவிட்டான். திட்ட வந்த பாதிரியார் தன் மூக்கை அப்படியே சுவரில் பார்த்துச் சிரித்துவிட்டாராம். அவரே ஓர் ஓவியரிடம் சேர்த்தும் விட்டார். அங்கே ஏற்கெனவே ஆறு வருடமாக வண்ணம் அரைத்துக்கொண்டிருந்த முட்டாள் நான், ஃபெர்மோ.

இரண்டே வருடத்தில் முகம் வரைவது அவன் வேலை, உடுப்பு வரைவது என் வேலை என்றாகிவிட்டது. பிறகு இருவரும் தனியாகப் பட்டறை வைத்தபோதும் அப்படியேதான். முப்பது வருடம். குளிர்காலம் முழுக்க நான் தலையில்லாத உடல்களாக வரைந்து சுவரோரம் சாத்தி வைப்பேன். பட்டு அங்கி, சரிகைப் பின்னல் கழுத்துப்பட்டை, கறுப்பு மேலாடை. பனி விலகியதும் ஆட்கள் வந்து பிடித்த உடலைத் தேர்ந்தெடுப்பார்கள். இவன் ஒரு மதியத்தில் மேலே தலையை வைத்துவிடுவான். அந்தப் பின்னலின் ஒவ்வொரு கண்ணியையும் கண் வலிக்க வரைந்தது நான். "அடேயப்பா, அப்படியே என் மாமியார்!" என்ற பாராட்டு அவனுக்கு.

ஒருநாள் பொறுக்க முடியவில்லை.

"ஒரே ஒரு மூஞ்சி எனக்குக் குடுடா. எனக்கு மட்டும் கையில்லையா?"

"தாராளமா எடுத்துக்கோ. ரொட்டிக்கடை பெப்பாக்கா நாளைக்கு வராங்க."

பெப்பா மூன்று நாள் அசையாமல் உட்கார்ந்தாள். படத்தைத் திருப்பிக் காட்டினேன்.

"உடுப்பு ரொம்ப நல்லாருக்கு ஃபெர்மோ," என்றாள். "ஆமா, யாரு இந்தப் பொம்பளை?"

பொர்த்தொலோ சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருப்பேன். அந்த முகத்தைத் துடைத்துவிட்டுப் பெப்பாவை வரைந்தான்.

போன மாதம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். அடக்கம் முடிந்த மறுநாள் அவன் மனைவி ஒர்சோலா ஒரு படத்தோடு வந்தாள்.

"அண்ணே, உங்களுக்குத் தெரியாம வரைஞ்சு வெச்சிருந்தாரு. உடுப்பை மட்டும் நீங்களே போட்டுக்கணுமாம். 'அவனை மாதிரி எனக்கு வராது'ன்னாரு. அவர் படங்களையெல்லாம் சந்தை மண்டபத்துல மாட்டறப்போ இதைத்தான் வாசல்ல மாட்டப்போறாங்க."

என் முகம். கழுத்துக்குக் கீழே எதுவும் வரையாத வெறும் படத்துணி. கண்கள் இரண்டும் ஓரமாகத் திரும்பி எதையோ வெறிக்கின்றன. எதை என்று எனக்குத் தெரியும். அவன் கையிலிருந்த தூரிகையை. யாருக்கும் தெரியாது என்று நான் நினைத்திருந்ததை முப்பது வருடமும் அவன் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறான்.

என்னிடமிருந்த நல்ல கறுப்பில் மேலாடையைப் போட்டு முடித்துவிட்டேன். ஊர் பார்ப்பதற்குள் அந்தக் கண்களை மட்டும் கொஞ்சம் நேராக்கிவிட வேண்டும். இரண்டு நாளாகத் தூரிகையை எடுக்கிறேன், வைக்கிறேன். எனக்குக் கண் வரைய வராது.