வெட்டி எறிந்த வாக்கியம்

பர்மாவில், நாங்கள் இருக்கும் போட்டாதாங் பேட்டையில் எதிர்வீட்டு மைமூனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தெருவே சொல்லும். வரட்டுமே! இந்த விஷயத்தில் அவளுக்குக் கோபம் வராமல் இருந்திருந்தால்தான் எனக்கு வந்திருக்கும்.

மைமூன் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் ஒலிப்பதிவுகளை வெட்டிக் கொடுக்கிறாள். கரண்ட் இருக்கிற நேரம்தான் வேலை. போன வருஷம் வந்தது பப்புவா பக்கத்துச் சின்ன மொழி ஒன்று. அதைப் பேசத் தெரிந்த அத்தனை பேரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிடலாம். அது சாவதற்குள் அதன் ஒலிகளைப் பட்டியல் போட வேண்டுமென்று ஓர் ஆராய்ச்சிக் கூட்டம் கிளம்பியிருந்தது. பேசியது வயதான ஒரு பெண். பதிவில் அவளுக்குப் பெயர் கிடையாது, 'பேச்சாளர் இரண்டு'. ஆடுமாட்டுக்குக்கூட நாம் பெயர் வைக்கிறோம்.

அந்த மொழியில் சொல் தொடங்கும்போதே 'ப'வோடு மூக்கொலி ஒட்டிக்கொண்டு 'ம்ப' என்று வரும். உதடுகள் படபடக்கும் ஒலியும் உண்டு. வண்டி ஓட்டி விளையாடும் குழந்தை வாயால் எழுப்புமே, அதேதான். பட்டியல் சொல்லைத் தவிர மற்றதையெல்லாம் வெட்டிவிட வேண்டும் என்பது உத்தரவு. ஆனால் அந்தப் பெண் அடிக்கடி ஒரே வாக்கியத்தைச் சொன்னாள். போகப் போகக் குரல் கம்மியது. பொறுக்கமாட்டாமல் மைமூன், வேலை வாங்கித் தந்த முரளிதரனிடம் அர்த்தம் கேட்டாள். அவர் விசாரித்துவிட்டு அவள் வீட்டுக்கே வந்தார். அப்போது நானும் அங்கே இருந்தேன்.

"தண்ணி குடுங்கன்னு கேக்குதாம்."

"குடுத்தாங்களா, கோ முரளி?" அண்ணன் என்பதற்குப் பர்மிய வழக்கப்படி 'கோ' போட்டுத்தான் அவரைக் கூப்பிடுவாள்.

"அதெல்லாம் நமக்கெதுக்கு? அந்தம்மாவும் இப்ப இல்லயாம். ஒலியெல்லாம் சுத்தமா விழுந்திருக்கு. முழுப் பதிவ அழிச்சிரு."

"அழிக்கவா? நாசமாப் போறவங்க! இங்க ரோட்டுல போறவன் வர்றவன் குடிக்கப் பானை வச்சிருக்காங்க. பாஷைய காப்பாத்தப் போனவனுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கத் தெரியலயா?"

தண்ணீர் கிடைத்ததா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். வெட்டாத பதிவை எங்கள் முன்னாலேயே ஓடவிட்டாள். அந்தப் பெண் கேட்ட ஒவ்வொரு முறையும் பின்னால் ஓர் ஆண்குரல் வந்தது. இத்தனை நாளும் வெறும் இடைச்சத்தமென்று மைமூன் வெட்டிப் போட்ட குரல்.

"ஒன்ஸ் மோர்."

கடைசிவரை அதுதான் பதில்.

வேலை போனால் போகட்டும் என்று மைமூன் அன்றைக்கே உட்கார்ந்து, வெட்டியதையெல்லாம் எடுத்த இடத்திலேயே ஒட்டி அனுப்பினாள். இனி அந்த 'ம்ப'வைக் கேட்க வருகிறவன் எவனாக இருந்தாலும் அந்தப் பெண்ணின் தாகத்தையும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.