இடது கைக்கு ஒரு இன்ஜின்

வேம்பார்க் கடல்ல என் வீட்டுக்காரரோட படகு இன்ஜின் ராத்திரி நடுவழியில செத்துப்போச்சு. இன்ஜினைக் கிளப்புற கயித்தை இளுத்து இளுத்து வலது தோள்பட்டை பிசகினதுதான் மிச்சம். செல்போன் அப்ப கரையில மட்டும்தான் எடுக்கும். விடிஞ்சப்புறம் வேற படகுக்காரங்க கட்டி இளுத்துட்டு வந்தாக. "ரெண்டாவது இன்ஜின் இல்லாம இனி படகுல கால வச்சீக, நான் மனுசியா இருக்க மாட்டேன்"னு தெருவே கேக்கக் கத்தினேன். பயம்தான், வேறென்ன.

எனக்குப் பொறந்த ஊரு விருதுநகரு. சூலக்கரை போற ரோட்டுல பழைய இன்ஜின் கடை ஒண்ணுக்கு ரெண்டாவது இன்ஜின் வாங்கப் போனோம். விஸ்வநத்தம் பட்டாசு கம்பெனியில போர்மேனா இருந்த என் அண்ணனும் கூட வந்தான்.

வந்ததும் பெருசாக் கிடந்த ஒண்ணைத் தட்டி, "இதை எடுங்க மாப்ளே, கெத்தா இருக்கும்"னான்.

"கெத்தை வச்சு என்ன செய்ய மச்சான்? கரை சேத்தாப் போதும். இடது கையால இளுக்கணும்"னு அவுக சின்னதைக் காட்டினாக.

கடைக்காரன் சின்னதை ஓட்டிக் காட்டத் தண்ணி டிரம்முல மாட்டினான். அண்ணன் கயித்தை இளுத்தான். பிடிக்கல. உடனே எங்க ரெண்டு பேரையும் பின்னால தள்ளிட்டு மூஞ்சியை மூடிக்கிட்டான். பத்தவச்ச திரி வெடிக்காம அமந்துபோனா கிட்டப் போகக் கூடாதுல்ல, அந்தப் பழக்கம்.

"ஏலே, இது என்ன அணுகுண்டா?"ன்னு கடைக்காரன் கெக்கெக்கேன்னு சிரிச்சான். பிளக்கைக் கழட்டி இரும்புல வச்சு, கயித்தை இளுத்து, "பாரு, பொறி எப்படிப் பறக்குது!"ன்னான். கீழ தரையெல்லாம் பெட்ரோல் சிந்திக் கிடந்துச்சு.

அண்ணன் அவன் மேல பாஞ்சான். அறைஞ்ச அறையில ஆளு தகரத்துல போய் விழுந்தான். எந்திரிச்சவன் ஸ்பேனரை ஓங்க, தடுக்கப் போன என் வீட்டுக்காரருக்கு உதடு கிழிஞ்சு ரத்தம் கொட்டுச்சு. எனக்கு வந்த ஆத்திரத்துல அண்ணன் சட்டையைப் பிடிச்சு அவன் கன்னத்துல விட்டேன் ஒண்ணு.

"அடிடீ! பெட்ரோலுக்கு மேல பொறி காட்டுறான் பாவி. கம்பெனி வெடிச்சப்ப கரிக்கட்டையா ஆளுகளை அள்ளுனது நீயா நானா?"ன்னு அண்ணன் ஓன்னு அழுதான். கடைக்காரன் ஸ்பேனரைத் தாழ்த்தி, மண்ணை அள்ளிப் பெட்ரோல் மேல போட்டான்.

அவுக ரத்தத்தைத் துப்பிட்டு, பிளக்கை மாட்டி, இடது கையால இளுத்தாக. பிடிக்கல.

"தொடாதீக மாப்ளே! தள்ளி வாங்க, கொஞ்ச நேரம் போகட்டும்!"

"கடல்ல எங்கன மச்சான் தள்ளிப் போக?"

அந்த ராத்திரி அவுக எப்படி இருந்திருப்பாகன்னு அப்பத்தான் எனக்கு நெசமாத் தெரிஞ்சுச்சு.

அண்ணன் கண்ணைத் தொடச்சுக்கிட்டு இன்ஜின் பக்கத்துல வந்தான். ரெண்டு கையாலயும் அதை அமுக்கிப் பிடிச்சான். இந்தத் தடவை மூஞ்சியை மூடல.

"இளுங்க மாப்ளே"ன்னான்.