மிட்டாய் பாட்டிலில் வந்த குளவி

வாடிப்பட்டியிலிருந்து மதுரைக்கு மூட்டை தூக்க வந்து, நாட்டு மருந்துக் கடை முதலாளி ஆனவன் நான். மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனாலும் என் கடைச் சரக்குக்கு ஒரு பேர் உண்டு. அதில் பாதி என் சாமர்த்தியம்; மீதி முஜிபுர் பாயின் கட்டைவிரல்.

பாய் என்னிடம் மாசிக்காய் பொறுக்கியவர். பேர்தான் காய். தூர தேசத்து ஓக் மரத்தில் பொடிக் குளவி முட்டை வைக்க, அந்த இடத்தில் மரம் உருண்டையாக வீங்கும், அதுதான் மாசிக்காய். உள்ளே வளர்ந்த குளவி துளை போட்டு வெளியேறிவிட்டால் காயில் துவர்ப்பு குறையும். பச்சைப்பிள்ளை நாக்கில் உரசித் தடவத் துளையில்லாத காயைத்தான் கேட்பார்கள். பாய் சுளகில் காயைப் பரப்பி, ஊர்க்கதை பேசிக்கொண்டே கட்டைவிரலால் உருட்டுவார். துளையை விரல் கண்டுபிடித்துவிடும்.

ஒரு கோடையில், சமயநல்லூர்க் கடைக்காரர் அழகுபாண்டி வாங்கிப்போன மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தார். நிறையக் காயில் துளை. பாய் கழிவைக் கலந்துவிட்டார் என்று கடைவீதிக்கே கேட்கும்படி கத்தினார். நான் வேறு மூட்டை தருகிறேன் என்றேன். பாய் சம்மதிக்கவில்லை. மாற்றிக் கொடுத்தால் கலந்தது உண்மை என்றாகிவிடும், அப்புறம் இந்தப் படி ஏற மாட்டேன் என்றார். சரியாக உலராமல் வந்த சரக்கு, உள்ளே இன்னும் உயிர் இருக்கிறது என்பது அவர் வாதம்.

அதே மூட்டையிலிருந்து துளையில்லாத காய்களைப் பொறுக்கி மிட்டாய் பாட்டிலில் போட்டார். அதன் வாயில் துணி கட்டி, முடிச்சை அழகுபாண்டியையே போடச் சொன்னார். அடுத்த வாரம் வந்து அவரே அவிழ்க்க வேண்டும். அந்த வாரம் முழுக்க பாய் சுளகைத் தொடவில்லை. கதையும் இல்லை. கடை எனக்கே பிடிக்கவில்லை.

அழகுபாண்டி வந்து பார்த்தார். முடிச்சு போட்டபடியே இருந்தது. உள்ளே இரண்டு காயில் புதுத் துளை. கண்ணாடியில் றெக்கை வைத்த எறும்பு மாதிரி ஒன்று ஏறிக்கொண்டிருந்தது.

“என்ன பாய் இது, இம்புட்டுக்காணு இருக்கு?”

“குடியிருந்தவுக அண்ணே. உங்க கடைக்கு வந்தப்புறம் வீட்டைக் காலி பண்ணிட்டாக. அதுக்கு நானா பொறுப்பு?”

அழகுபாண்டியே சிரித்துவிட்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. மூட்டையைத் தானே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு எப்போது வந்தாலும், பாய் பொறுக்கியதுதானா என்று கேட்காமல் வாங்கியதில்லை. பாயும் அதைக் கேட்டால்தான் தலை நிமிர்வார்.

பாய் மௌத்தாகி அடக்கம் செய்த வருடம் அழகுபாண்டி வந்தார். வழக்கம்போலக் கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டார்.

“இப்ப யாரு பொறுக்குறது?”

நான்தான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் சுளகிலிருந்து ஒரு காயை எடுத்து, கட்டைவிரலால் மெல்ல உருட்டிப் பார்த்தார்.