ஆட்டோ வராத அந்தி

மகளைக் கர்த்தரின் கையில் ஒப்படைத்துவிட்டேன் என்று காலைதோறும் ஜெபிக்கிறேன். அது உண்மையா, பயத்தில் வாய் பழகிக்கொண்டதா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

அவளுக்கு நான்கு வயது. கைக்குழந்தையாக இருந்தபோதே முட்டு வருத்தம் பிடித்துவிட்டது. தூசி பட்டால் மூச்சு இழுக்கும், மழைக்குளிர் பட்டால் இழுக்கும், சில நாள் காரணமே இல்லாமலும் இழுக்கும். கணவருக்கு மட்டக்களப்பில் வேலை. இருட்டிய பிறகுதான் பஸ்ஸில் வந்து இறங்குவார். கல்முனையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் ஒழுங்கையில் எங்களுடையது மட்டும்தான் கிறிஸ்தவ வீடு, மற்றதெல்லாம் முஸ்லிம் வீடுகள். யாருக்கும் கரைச்சல் கொடுக்கக்கூடாது என்று எல்லாவற்றுக்கும் நானே ஆயத்தமாக இருந்தேன். மூச்சுக்கு அடிக்கும் பம்ப் அலமாரியில் ஒன்று, கைப்பையில் ஒன்று. ஆட்டோ ஓட்டும் மூன்று பேரின் இலக்கங்கள் போனில் இருந்தன. எந்த நேரம் கூப்பிட்டாலும் வருவீர்களா என்று மூன்று பேரிடமும் கேட்டு வைத்திருந்தேன். ஆராதனையில் எல்லோரும் கண் மூடி நிற்கையில் நான் ஒரு கண்ணைத் திறந்து அவளுடைய தொண்டைக்குழியைப் பார்ப்பேன். அது உள்ளே இழுபட்டால் முட்டு தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

நோன்பு மாதத்தில் ஒரு நாள் அந்திக்கு அது இழுபட்டது.

பம்பை அடித்தேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி அடித்தேன். வழக்கமாகத் தோள் தளரும், அன்று தளரவில்லை. மூக்கு விரிந்து விரிந்து சுருங்கியது. “அம்மா” என்ற சொல்லை இரண்டாக உடைத்துத்தான் அவளால் சொல்ல முடிந்தது. முதல் ஆட்டோக்காரருக்கு எடுத்தேன். அடித்து ஓய்ந்தது. இரண்டாமவர் எடுக்கவில்லை. மூன்றாமவரின் போன் நிறுத்தப்பட்டிருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கேற்றடிக்கு ஓடினேன். ஒழுங்கையில் ஒரு ஆளில்லை. அப்பால் பிரதான வீதியிலும் ஒரு வாகனச் சத்தமில்லை. அப்போதுதான் பள்ளிவாசலில் பாங்கு ஒலிக்கத் தொடங்கியது.

நோன்பு திறக்கும் நேரம். ஊரே பேரீச்சம்பழத்தையும் தண்ணீரையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மூன்று ஆட்டோக்காரர்களும் முஸ்லிம்கள். நான் ராத்தா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு அக்கா அந்த மாதம் முழுக்க இந்த நேரத்துக்குச் சற்று முன்னால் மதிலுக்கு மேலால் எங்களுக்குக் கஞ்சி நீட்டுவார். அன்றும் நீட்டியிருந்தார். அது என் அடுப்படியில் சூடாக இருந்தது. இரவையும் மழையையும் கடையடைப்பையும் கூட யோசித்து வைத்த எனக்கு, தினமும் வாங்கிக் குடித்த கஞ்சியின் நேரம் மட்டும் நினைவில் வரவில்லை.

ராத்தாவைக் கூப்பிடலாம் என்று தோன்றியது. கூப்பிடவில்லை. பகல் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள். முதல் மிடறு வாயில் படும் நேரத்தில் போய்க் கதவைத் தட்டுவதா என்று நின்றேன். பிள்ளையின் விரல்கள் என் கழுத்தில் குளிர்ந்திருந்தன. மறுபடி மறுபடி முதல் ஆட்டோக்காரருக்கே போன் அடித்துக்கொண்டு நின்றேன். ஜெபிக்க வாய் திறந்தேன். மனப்பாடமாகத் தெரிந்த ஒரு வரிகூட வரவில்லை. “ஐயோ” என்ற சத்தம் மட்டும் வந்தது, நான் நினைத்ததைவிட உரக்க.

மதிலுக்கு மேல் ராத்தாவின் தலை தெரிந்தது.

“என்ன புள்ள? புள்ளைக்கி முட்டா?” பதிலுக்குக் காத்திராமல் உள்ளே திரும்பிக் கத்தினார். “இஞ்சேருங்க, பைக்க எடுங்க!”

அவருடைய கணவரை நான் நானா என்பேன். ஒரு கன்னம் பேரீச்சம்பழத்தில் புடைத்திருக்க, வீட்டில் கட்டியிருந்த சாரத்தோடு மோட்டார் சைக்கிளை உருட்டி வந்தார்.

“நானா, நோன்பு…”

“தண்ணி குடிச்சாச்சி, நோம்பும் திறந்தாச்சி. பேசாம ஏறு புள்ள.”

ஆஸ்பத்திரி வரைக்கும் வீதி வெறுமையாகக் கிடந்தது. அவ்வளவு வேகமாக அந்த வீதியில் வேறு எந்த நேரத்திலும் போக முடியாது. இது எனக்குப் பிறகுதான் உறைத்தது. என்னைக் கைவிட்ட அதே வெறுமைதான் எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. முகமூடி வழியாக மருந்துப் புகை ஏறிய பின்னும் வெகுநேரம் நான் அவளுடைய தொண்டைக்குழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். “நல்ல நேரத்துக்குக் கொண்டு வந்தீங்க” என்றார் வைத்தியர். கேற்றடியில் சும்மா நின்ற நேரம் நினைவுக்கு வந்தது.

மறுநாள் ராத்தா விட்டுவைக்கவில்லை. “போனயே அடிச்சிட்டு நிண்டியா? நாங்க என்ன கொழும்பிலயா இரிக்கம்? கஞ்சிக்கி மட்டும்தானா மதில்?” சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்கு அழுகை வந்தது.

எங்கள் போதகரின் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “அக்கா, என்ட சத்தத்தக் கேட்டது கர்த்தரா, ராத்தாவா?”

“ரெண்டு பேருக்கும் கேட்டிரிக்கும். நீ கத்தின கத்து அப்பிடி.” பிறகு சிரிப்பை விட்டுச் சொன்னார்: “பம்ப வைச்சிருக்கிறது பிழையில்ல தங்கச்சி. அது வேணும். ஆனா எல்லாத்தையும் நானே பாத்துக்கொள்ளுவன் எண்டு நீ கர்த்தருக்கும் ஒரு கதவைப் பூட்டி வைச்சிருந்தாய். அதாலதான் பக்கத்து வீட்டுக் கதவையும் தட்ட முடியாமப் போச்சி.”

சரியென்றுதான் படுகிறது. ஆனால் என் உடம்பு அதை ஏற்கவில்லை. அன்றிலிருந்து பாங்கு கேட்டாலே, ராத்தாவின் கஞ்சி கையில் இருந்தாலும், நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இப்போது ராத்தாவின் இலக்கமும் நானாவின் இலக்கமும் போனில் இருக்கின்றன. நான் நம்பக் கற்றுக்கொண்டேனா, இல்லை இருந்த ஏற்பாடுகளோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொண்டேனா? அந்த “ஐயோ”வை ஜெபம் என்று கர்த்தர் ஏற்றுக்கொண்டாரா? அப்படியென்றால் என்னிடமிருந்து போன ஒரே உண்மையான ஜெபம் அதுவாகத்தான் இருக்கும்.

வருகிற திங்கட்கிழமை அவள் பாலர் பாடசாலைக்குப் போகிறாள். பம்பை எப்படி அடிப்பதென்று ஆசிரியைக்குக் காட்டிக் கொடுத்துவிட்டேன். அவர் நல்லவர். அதற்கு மேல் என் கையில் ஒன்றுமில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. பாடசாலை மதிலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பேனோ என்று என்னையே நம்ப முடியவில்லை.

இதை வாசிக்கிறவர்களில் வருத்தக்காரப் பிள்ளையை வளர்த்த தாய்மார் இருப்பீர்கள். வாசலில் பிள்ளையின் கையை விட்ட பிறகு திரும்பி நடக்க உங்களால் எப்படி முடிந்தது? பயம் போன பிறகுதான் ஒப்படைத்தீர்களா, பயத்தோடேயே ஒப்படைத்தீர்களா? தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். திங்கட்கிழமைக்கு முன் கிடைத்தால் நல்லது.