தீபாவளி வரைக்கும் பதுளை

புடவைக் கடையில் நிற்பவளுக்கு முதலில் கால்வலி பழகும், ஊர் அப்புறம்தான் பழகும். கடல் தாண்டி வாக்கப்பட்டு, வந்த வேகத்தில் கடையில் நிறுத்தப்பட்ட சகோதரிகளே, நான் சொல்வது உங்களுக்குப் புரியும். துறையூரிலிருந்து இலங்கையின் பதுளைக்கு வந்தபோது எனக்கு இருபத்து நாலு வயது. கணவர் குடும்பத்துக்கு பஜாரில் மூன்று தலைமுறையாகப் புடவைக் கடை. முதல் மாதம் நான் அழுத அழுகையைப் பார்த்து அவரே ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்: தீபாவளி வியாபாரம் முடியும்வரை பார், ஒட்டவில்லை என்றால் டிக்கெட் போட்டுத் தருகிறேன். தீபாவளிக்கு ஏழு மாதம் இருந்தது. விரலை மடக்கி எண்ணிக்கொண்டே நின்றேன்.

வெள்ளைச் சேலை

ஒரு சிங்களப் பெண் கணவரோடு வந்து வெள்ளைச் சேலை கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் யாராவது வெள்ளை கேட்பார்களா? தமிழ் சரியாக வராமல் ஏதோ கேட்கிறார் என்று நினைத்து சிவப்பை எடுத்தேன், அரக்கை எடுத்தேன். அவர் பொறுமையாக ஒதுக்கிவிட்டு வெள்ளை அடுக்கையே காட்டினார். நானும் விடவில்லை. ஒரு குங்குமச் சிவப்பை அவர் தோளில் போட்டு, "கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கீங்க" என்றேன்.

பௌர்ணமிக்குப் பன்சலை என்கிற புத்த விகாரைக்கு வெள்ளை உடுத்திப் போவது இங்கே வழக்கம் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அவரோடு வந்த கணவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தப் பெண் சேலையைத் தோளிலிருந்து எடுத்து மடித்தே கொடுத்து, தங்கச்சி என்ற அர்த்தத்தில் என்னை நங்கி என்று கூப்பிட்டுச் சொன்னார்: "நங்கி, நான் போறது பன்சலைக்கு. கல்யாணம் முடிஞ்சி நாலு வருசம்."

முப்பது சேலை

எங்கள் பக்கம் திருச்சிக் கடைகளில் முப்பது சேலையாவது விரித்துப் போடாவிட்டால் வந்தவர்களுக்கு மரியாதை செய்ததாகவே ஆகாது. அந்த மரியாதையைக் கொஸ்லந்தைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஓர் அம்மாவுக்குச் செய்துகொண்டிருந்தேன். பதினெட்டாவது சேலையின் முந்தானையைப் பற்றி நான் பிரசங்கம் பண்ணும்போது அவர் கையில் பை, காலில் செருப்பு, கண் தெருவில். முதல் சேலையே பிடித்துவிட்டதாம், சொல்ல நான் இடம் கொடுக்கவில்லையாம். "அக்கா, நீங்க விரிச்சு முடிக்கிறதுக்குள்ள எங்க பஸ்ஸு பண்டாரவளைய தாண்டிரும்!"

தொடாத கை

"தொட்டுப் பாருங்க" என்று சொல்வது எங்கள் தொழிலில் பாதி. ஹாலிஎல பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் மகள் சடங்குக்குப் பட்டு எடுக்க வந்தார். நான் சேலையை நீட்ட நீட்ட அவர் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். சரக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று எனக்குள் சுருக்கென்றது. இந்த ஊரில் எனக்கு எதுவும் சரியாக வராது என்றுகூட நினைத்தேன்.

அப்புறம் தயங்கித் தயங்கிக் கையை முன்னால் கொண்டுவந்து காட்டினார். தேயிலைக் கறை ஏறிக் கறுத்து, விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. எத்தனை மாதமாக எத்தனை பேரிடம் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. அவருக்கு என் மேல் வருத்தம் ஒன்றுமில்லை. "எங்க வெரலு பட்டா நூலு இழுத்துக்கிரும்மா. ஒங்க கையால தடவிப் பாத்துச் சொல்லுங்க, நீங்க சொன்னாச் சரி."

தீபாவளி முடிந்து மூன்றாம் நாள்

வியாபாரம் முடிந்தது. மழை. கடையில் ஆள் இல்லை. கணவர் முந்தின இரவே, டிக்கெட் போடட்டுமா என்று கேட்டுவிட்டார். போடுங்கள் என்றும் சொல்லிவிட்டேன். அப்போதுதான் செல்லாயி அம்மா வந்தார். அறுபது வயதிருக்கும், பசறைப் பக்கத்துத் தோட்டம். என் பேச்சைக் கேட்டு, எந்த ஊர் என்று விசாரித்தார். இந்தியா என்றதும் சேலையை மறந்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, தோட்டத்து ஆட்களில் யார் இங்கே இருப்பது, யார் இந்தியா போவது என்று இரண்டு நாட்டு அரசாங்கங்களும் பிரித்தனவாம். கல்யாணமாகியிருந்த அக்கா போகிற பட்டியலில் விழுந்தார். பதுளை ஸ்டேஷனில் குடும்பமே கட்டிப் பிடித்து அழுது ரயிலேற்றியது. கோத்தகிரியிலிருந்து கொஞ்ச நாள் கடிதம் வந்தது, பிறகு வரவில்லை. "கோத்தகிரி ஒங்க ஊருக்குக் கிட்டவா புள்ள?" என்றார். தூரம் என்றேன். அந்தப் பக்கம் போகிற ஓர் ஆள் இருப்பது ஆறுதலாக இருக்கட்டும் என்று, நானும் அடுத்த வாரம் ஊருக்கே போகிறேன் என்று சொன்னேன்.

போகாதே என்று அவர் சொல்லவில்லை. அவர் சாதாரணமாகத்தான் இருந்தார். சேலைப் பையை இடுக்கிக்கொண்டு, குடையை விரித்துக்கொண்டே சொன்னார்: "எங்க அக்காள அங்கிட்டு அனுப்புனவங்க, அதுக்குப் பதிலா ஒன்னய இங்கிட்டு அனுப்பியிருக்காங்கன்னு ஒரு நிமிசம் நெனச்சுக்கிட்டேன் புள்ள. பாத்துப் போ."

இது நடந்து பதினொரு வருஷமாகிறது. விசா புதுப்பிக்கும் பாரத்தில் இலங்கையில் தங்கக் காரணம் கேட்கும் இடத்தில் வருஷா வருஷம் 'கணவர்' என்றுதான் எழுதுகிறேன், செல்லாயி அம்மாவைப் பற்றி எழுத அந்தக் கோடு போதாது.