வெள்ளைச்சிக்கு ஒட்டிய லாடம்

குதிரைக்கு லாடத்தை ஆணி அடித்துத்தான் பூட்டுவார்கள் என்று நினைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி. பசை போட்டும் ஒட்டலாம். ஒட்டாமலும் போகலாம். இரண்டையும் கற்பிட்டிப் பக்கம் எத்தாளையில் எங்கள் வீட்டு முற்றத்தில் குந்தியிருந்து பார்த்தவள் நான்.

யுத்தம் முடிந்து, கடற்கரையெங்கும் ஹோட்டல்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. அவற்றில் ஒன்றில் வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு அலையோரம் நடக்கக் குதிரைகள் நின்றன. என் மாமா, உம்மாவின் ஒரே தம்பி, அங்கே குதிரை பராமரித்தார். அதற்கு முன் அவர் உடைந்த ஃபைபர் வள்ளங்களுக்கு ஒட்டுப் போடுகிறவர். ஹோட்டல் நட்டத்தில் மூடப்பட்டதும் முதலாளி குதிரைகளையெல்லாம் நுவரெலியாவுக்கு ஏற்றிக்கொண்டு போனார். வெள்ளைச்சி என்ற குதிரையை மட்டும் மாமாவிடம் விட்டுப் போனார். அவளுடைய முன்னங்கால் குளம்புகள் ஓரமெல்லாம் உதிர்ந்து, ஆணி பிடிக்க இடமில்லாமல் இருந்தன. மணலில் ராணி மாதிரி நடப்பாள். தார் ரோட்டில் ஏறினால் நொண்டுவாள்.

கொஞ்சநாளில் முதலாளி ஒரு பெட்டி அனுப்பினார். அதற்குள் ஒட்டு லாடங்களும் பசைக் குழாய்களும். லாடம் பிடித்து வெள்ளைச்சி தார் ரோட்டில் நொண்டாமல் நடந்தால் லொறி வரும். அவளோடு மாமாவும் நுவரெலியாவுக்குப் போய் அங்கேயே வேலையில் தங்கிவிட வேண்டும். அதுதான் ஏற்பாடு.

மாமாவுக்குப் போக ஆசை. மேகம் வீட்டுக்குள்ளே வருமாம், குதிரைகள் மேகத்துக்குள்ளே நின்று புல் மேயுமாம் என்று அவர் சொல்லும்போது, களப்புப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்றுகூட எனக்குக் குளிர்ந்தது. எனக்குக் கம்பளித் தொப்பி வாங்கி அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். அதைவிடப் பெரிய வாக்கு ஒன்றும் இருந்தது. லாடம் ஒட்டியதும் என்னை வெள்ளைச்சிமேல் ஏற்றி, பள்ளிவாசல்வரை தார் ரோட்டில் கூட்டிப்போவார். அந்த டக் டக் சத்தம் கேட்பதற்கு முன்னமே என் காதுக்குள் குடியேறிவிட்டது. வகுப்பில் டீச்சர் வாய்ப்பாடு கேட்டால், என் காதில் விழுந்ததெல்லாம் டக் டக்தான்.

உம்மா மட்டும் நுவரெலியா என்றால் வாயைத் திறக்கமாட்டார். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்திறங்கியபோது, மாமா நடை பழகிக்கொண்டிருந்த குழந்தையாம். வழியெல்லாம் உம்மாவின் இடுப்பைவிட்டு இறங்கவேயில்லையாம். உம்மாவும் அப்போது சின்னப்பிள்ளைதான். இதைச் சொன்னது வாப்பா. உம்மா அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

பசை வேலை என்றால் மாமா தொழுகைக்கு ஒளுச் செய்கிறவரைப்போலச் சுத்தம் பார்ப்பார். “வள்ளமோ குளம்போ, ஒரு சொட்டு எண்ணெய் பட்டாப் போச்சு. பசை பிடிக்காது” என்று அடுக்களைக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, அன்று காலை உம்மா சுட்ட வடையைத் தொடமாட்டார். வெறும் பாணும் பிளேன்டீயும்தான். பிறகு வெள்ளைச்சியின் காலைத் தன் முழங்கால்களுக்கிடையில் வைத்து, அடியில் அடைந்த மண்ணைக் கொக்கியால் கிண்டி எடுப்பார். ஓரத்தை அரத்தால் ராவுவார். கல்யாணப் பெண்களுக்குத் தலைமுடி காயவைக்கும் மெஷினை எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்து, குளம்புக்குச் சூடு காட்டுவார். வெள்ளைச்சி தன் பாரத்தையெல்லாம் மாமாவின் முதுகில் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். ஊர்க் கழுதைகள் வேலியோரம் வந்து நின்று, தங்களுக்கும் ஒரு சோடி கிடைக்குமா என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருக்கும். லாடத்தை வைத்து அழுத்தி, பசை சூடேறி இறுகும்வரை மாமா அசையமாட்டார். தென்னோலைகள்கூட மெதுவாகத்தான் ஆடுவதுபோல இருக்கும்.

அப்படி ஒட்டிய லாடம் பின்னேரம் அசர் தொழுகைக்குள் மணலில் கிடந்தது. திரும்ப ஒட்டினார். அதுவும் கழன்றது.

“கடலுக்குள்ள கிடக்கிற வள்ளத்துக்கே நான் போட்ட ஒட்டு நிக்கிது. இது ஏன் ஒட்டுதில்ல?” என்று மாமா தலையைச் சொறிந்தார். ஈரக் காற்றைக் குறை சொன்னார். பிறகு முதலாளியின் பசையைக் குறை சொன்னார்.

அந்த நாட்களில்தான் ஒரு காலை, சுபஹ் தொழுகை முடிந்த வெளிச்சத்தில், நான் அந்த அதிசயத்தைக் கண்டேன். குதிரை தும்மினாலே அடுக்களைக்குள் ஓடுகிற உம்மா, வெள்ளைச்சியின் காலடியில் குந்தியிருந்தார். பக்கத்தில் தேங்காயெண்ணெய்ப் போத்தல். என் தலைக்கு எண்ணெய் வைப்பதைப்போலவே, விரல் நுனியால் குளம்பின் வெடிப்புகளில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் எதையோ ஓதின.

“உம்மா, பயமில்லையா?”

“வெடிச்சுக் கிடக்குப் பாரு மகள், பாவம்” என்றார் உம்மா. “மாமாட்டச் சொல்லிராத. அவன் என்னப் பகிடி பண்ணுவான்.”

எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. உம்மாவுக்கும் வெள்ளைச்சிமேல் அன்பு வந்துவிட்டது! எண்ணெயைப் பற்றி மாமா கத்தியது எனக்கு நினைவு வரவேயில்லை. காய்ச்சலுக்கும் கதவுக் கீலுக்கும் அந்தப் போத்தல்தான் மருந்து என்று வளர்ந்தவளுக்கு எப்படி வரும்?

கடைசிப் பசைக் குழாய் மிஞ்சியிருந்தது. மாமா மறுபடியும் குளம்பை ராவிச் சூடு காட்டினார். திடீரென்று மெஷினை நிறுத்தினார். குளம்பை மோந்து பார்த்தார். வெடிப்பை விரலால் தடவினார். விரல் மினுங்கியது.

மாமா அடுக்களைப் பக்கம் திரும்பினார். வாசலில் உம்மா அகப்பையோடு நின்றார். உம்மாவுக்கு நல்ல ஏச்சு விழப்போகிறது என்று நான் பயந்தேன்.

“ராத்தா” என்றார் மாமா.

“என்ன தம்பி?” என்றார் உம்மா.

“வடை இருக்கா?”

உம்மா கொண்டுவந்து கொடுத்தார். மாமா முற்றத்தில் நின்றபடியே ஆசையாகத் தின்றார். தின்ற கையைத் துடைக்காமல், அதே விரல்களால் லாடத்தை எடுத்துப் பசை போட்டார்.

“மாமா! கை கழுவல்ல!” என்று கத்தினேன்.

“ஓம் மருமகள், மறந்துட்டேன்” என்று சிரித்தார். ஆனால் அவர் எழுந்து போகவில்லை. உம்மா சட்டென்று அடுக்களைக்குள் போய்விட்டார். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. விறகுப் புகை என்றார்.

வாக்குத் தவறாமல் மாமா என்னை வெள்ளைச்சிமேல் ஏற்றினார். தார் ரோட்டில் டக் டக் என்று கேட்டதும், உடம்பெல்லாம் எனக்குச் சிலிர்த்தது. அது பள்ளிவாசல்வரை வரவில்லை. வளைவிலேயே ஒரு லாடம் தெறித்து விழ, கழுதையொன்று மிரண்டு ஓடியது. மாமா அங்கேயே நின்று முதலாளிக்கு ஃபோன் எடுத்தார். “ஒட்டுதில்ல முதலாளி. ஈரக் காத்து” என்றார். லொறி வரவேயில்லை. மாமா பழையபடி வள்ளங்களுக்கு ஒட்டுப் போடப் போனார். மணலில் திரிந்து திரிந்து வெள்ளைச்சியின் குளம்பு தானாகவே வளர்ந்தது.

லாடம் தெறித்து விழுந்த அன்று பின்னேரம் நான் உம்மாவின் மடியில் விழுந்து அழுதேன். எல்லாம் மாமாவால் வந்தது, கை கழுவியிருந்தால் ஒட்டியிருக்கும் என்று சொல்லிச் சொல்லி அழுதேன்.

உம்மா அதே போத்தலைத் திறந்து என் தலையில் எண்ணெய் வைத்தார். “ஓம் மகள்” என்றார். “கழுவியிருந்தா ஒட்டியிருக்கும்.”

உம்மாவும் என் கட்சிதான் என்று நினைத்துக்கொண்டு, அப்படியே தூங்கிப்போனேன்.